கப்புக்கு எத்தனை கிராம்

அன்று காலை ஒன்பது மணிக்கு இல்லத்தில் இருந்தவர்கள்: நோயாளிகள் இருபத்து மூன்று, அதில் ஆண்கள் பதினான்கு, பெண்கள் ஒன்பது, சமையல்காரர் பாக்கியநாதன், காய் நறுக்கும் மரகதம், உணவு ஆலோசகர் நிவேதா, நர்ஸ்கள் இரண்டு பேர், கேட்டில் வாட்ச்மேன் போஜன். ஆக இருபத்தொன்பது. தெய்வநாயகம் இதைத் தேதித்தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி, மேலிருந்து கீழாக ஒருமுறையும் கீழிருந்து மேலாக ஒருமுறையும் கூட்டிப் பார்த்துவிட்டு, தாளை ஸ்டோர் ரூம் ஆணியில் குத்தினார். தன்னைச் சேர்த்து எழுதும் வழக்கம் அவரிடம் இல்லை. எழுதுகிறவன் கூட்டலில் வரமாட்டான், தராசுத் தட்டைத் தராசிலேயே நிறுப்பதில்லை என்பது போல. கோத்தகிரியில் இருதய ஆபரேஷன் முடிந்தவர்கள் ஒரு மாதம் தங்கித் தேறிப் போகிற அந்த இல்லத்துக்கு அவர் ஸ்டோர் கீப்பராக வந்து பதினாறு வருஷம். இந்தப் பதினாறு வருஷத்தில் அவரிடம் யாரும் கேட்காத ஒன்றை நிவேதா இப்போது கேட்டுக்கொண்டு நின்றாள். "ஐயா, பதினொன்றரைக்குள்ள எனக்கு ஒரே ஒரு நம்பர் வேணும். ஒரு கப் லெட்டூஸ்னா எத்தனை கிராம்?" கையில், ஒன்பது வருஷம் அங்கே சாலட் செய்துவிட்டு வேலையை விட்டுப் போன ஞானசௌந்தரி எழுதி வைத்த நோட்டு. எல்லாம் கப்தான் அதில். ஆளுக்கு இரண்டு கப் லெட்டூஸ், அரை மூடி எலுமிச்சை, மிளகு இரண்டு சிட்டிகை, வறுத்துத் தட்டிய கடலை ஒரு கரண்டி. "ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க ஒன்பது பேர் இருக்காங்க. அவங்களுக்குப் பச்சை இலை ஒரு நாள் கூடவும் ஒரு நாள் குறையவும் போகக் கூடாது. மாத்திரையோட வேலையே மாறிப்போகும். அந்தம்மா இருந்தவரைக்கும் ரிப்போர்ட் எல்லாம் கோடு போட்ட மாதிரி இருக்கு. இந்த அஞ்சு மாசமா மேலயும் கீழயும் குதிக்குது. அதான் டாக்டர் சொல்லிட்டார், இனிமே கிராம்லதான் போகணும்னு." ஐந்து மாதம் பதினொரு நாள் என்று தெய்வநாயகம் மனசுக்குள் திருத்தினார். வாயில், "பார்க்கலாம்மா" என்றார்.

கூக்கல்தொரைத் தோட்டத்திலிருந்து வந்த லெட்டூஸ் கூடை மேஜைமேல் இருந்தது. இலைகளின் ஓரம் அலை அலையாகச் சுருண்டு, உள்ளே வெளிறி, வெளியே பச்சையாக. முதலில் கப்பையே அளந்தார். தராசில் வெறும் கப்பை வைத்துப் பூஜ்யமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினார்; இருநூற்று நாற்பது. சரி, கப்பில் பொய் இல்லை. இனி இலை. கிள்ளிப்போட்டு, தொடாமல், தானாக விழுந்தபடி நிரப்பினார். இருபத்தேழு கிராம். மறுபடி நிரப்பினார், இருபத்தொன்பது. மேஜையில் தட்டி இறக்கினால் முப்பத்து மூன்று. விரலால் அழுத்தினால் ஐம்பத்திரண்டு. இன்னும் அழுத்தினால் இன்னும் போகும், இலைக்கு என்ன, அழுத்துகிறவன் கைக்கு ஏற்ப வழிவிட்டுக்கொண்டே இருக்கும், அரிசி மாதிரி இல்லை, அரிசி தன் இடத்தை விட்டுக்கொடுக்காது, படி என்றால் படி, இலை பாவம், யார் கைக்கு வந்தாலும் அவர்கள் சொல்கிற அளவாகிவிடும். அலசி எடுத்த இலையை வைத்தபோது நாற்பத்தொன்று காட்டியது. ஒரு கணம் திகைத்துவிட்டுத்தான் தண்ணீரைச் சேர்த்து நிறுத்துவிட்டோம் என்று தெரிந்தது. துணியில் கட்டிச் சுழற்றி உதறிவிட்டு வைத்தார். வாசல் மூடுபனி ஜன்னல் கம்பிக்கு உள்ளேயும் வந்து நின்றது. இந்த ஈரத்துக்கு எத்தனை கிராம் என்று ஒரு யோசனை ஓடியது, விட்டார். "மரகதம், நீ ஒரு கப் எடுத்துப் போடு." மரகதம் பூப் பறிப்பது போல எடுத்துப் போட்டாள், இருபத்து நான்கு. பாக்கியநாதன் தானே வந்து ஒரு கப் அடைத்தார். தலையணைக்குப் பஞ்சு திணிக்கிற மாதிரி திணித்தார், ஐம்பத்தெட்டு. "என்னண்ணே, இதுக்குப் போய் இம்புட்டு ஆராய்ச்சி? ஆடு திங்கிறப்ப கப்பு வச்சா திங்குது?" என்றார். "ஆட்டுக்கு ஆபரேஷன் ஆகலியே" என்றாள் மரகதம். இரண்டு பேரும் சிரித்தார்கள். தெய்வநாயகம் இருபத்து நான்கு, ஐம்பத்தெட்டு என்று எழுதி நடுவில் கோடு போட்டார். ஒரே கப், ஒரே இலை, ஒரே காலை. ஒருவர் கைக்கு மற்றவர் கை இரண்டு மடங்குக்கும் மேல். ஐந்து மாதமாக ஒருநாள் மரகதமும் மறுநாள் பாக்கியநாதனும் அளந்திருந்தால் ரிப்போர்ட் குதிக்காமல் என்ன செய்யும். ஞானசௌந்தரியின் கை எப்படி வைத்தது என்று கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அவள் அழுத்தமாட்டாள். தட்டவும் மாட்டாள். நிரப்பியதும் உள்ளங்கையை இலைமேல் ஒருமுறை வைத்து எடுப்பாள், பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியில் வைத்துப் பார்ப்பது போல, அவ்வளவுதான், வைத்த கையை அங்கேயே விடவும் மாட்டாள். ஸ்டோர் ஜன்னலிலிருந்து பார்த்தால் அவளுடைய வலது கையும் முதுகில் பாதியும்தான் தெரியும். ஒன்பது வருஷம் அந்தக் கையைப் பார்த்திருக்கிறார். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது முறை. எத்தனை முறை என்று பெருக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார். கையை அப்படியே வைத்துப் பார்த்தார். முப்பத்து மூன்று. மறுபடி, முப்பத்தேழு. மறுபடி, முப்பத்து நான்கு. தன் கை அவள் கை இல்லை. தன் கை பயப்படுகிறது. இலைக்கு வலிக்குமோ என்று எடுத்துவிடுகிறது, அல்லது யாராவது பார்க்கிறார்களோ என்று அழுத்திவிடுகிறது.

"ஏன் ஐயா இவ்வளவு சிரமப்படுறீங்க? அந்தம்மா நம்பர் இருந்தா ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமே" என்று நிவேதா வாசலில் தலையை நீட்டிச் சொல்லிவிட்டுப் போனாள். நம்பர் இருக்கிறது. பத்து எண்கள், கூட்டினால் நாற்பத்தேழு. ஞானசௌந்தரி வேலையை விட்டுப் போகும்போது முகவரி எழுதும் புத்தகத்தில் தன் கையெழுத்திலேயே எழுதி வைத்துவிட்டுப் போனாள், மெஞ்ஞானபுரம், அக்காள் வீடு, கோயிலுக்குப் பின்தெரு, என்று. எழுதிவிட்டுப் பேனாவை மூடியோடு கொடுத்தாள். அந்தப் பக்கத்தைத் திறக்காமலே அவருக்கு அது தெரியும். போன் போடலாம். போட்டு என்ன சொல்வது. ஒரு விவரம் கேட்கவேண்டியிருந்தது என்று சொல்லலாம், விவரம் கேட்பதற்குத்தானே போன், இது இல்லத்து வேலை, டாக்டர் கேட்கிறார், ஒன்பது நோயாளிகளுடைய மாத்திரைச் சமாசாரம். அவள் எடுத்தால். எடுக்காவிட்டால் இன்னும் மோசம், எடுக்காத அழைப்பு அவள் போனில் அவருடைய நம்பராகக் கிடக்கும், அவள் பார்த்துவிட்டு யாரோ என்று நினைப்பாள், அல்லது யார் என்று தெரிந்து சும்மா இருப்பாள். அவளை அவர் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. அம்மா என்றும் அழைத்ததில்லை, எட்டு வயசு இளையவள். இந்தாங்க, அந்த மிளகு டப்பாவைப் பாருங்க, கையெழுத்துப் போடுங்க. எல்லாம் ஆள் இல்லாத மரியாதை. அவளும் அவரை மற்றவர்கள் மாதிரி அண்ணே என்றோ ஐயா என்றோ சொன்னதில்லை. ஸ்டோர்க்காரரே என்பாள். அதை யாராவது வேடிக்கையாக எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும் என்பது போலச் சொல்வாள். ஒருமுறை மரகதம், "ஏன்க்கா, அண்ணேன்னு சொன்னா வாய் வலிக்குமா" என்று கேட்டதற்கு, "எனக்கு அண்ணன் நாலு பேரு இருக்காவ, போதும்" என்றாள். அவர் அப்போது பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். இரண்டு கிலோவுக்கு இரண்டு கிலோ நூறு போட்டுவிட்டார், பிறகு எடுத்தார். போன் வேண்டாம். போன் இல்லாமலே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. புத்தகம் இருக்கிறதே.

இலை விஷயத்தில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கூடையில் வருகிற எடையை அவர் நம்புவதில்லை. அழுகல், காம்பு, தண்ணீர் எல்லாம் அதில் இருக்கும். அதனால் கழுவி, உதறி, கிள்ளின இலையை அவள் கூடையோடு கொண்டுவந்து நிறுத்துக் காட்டவேண்டும், அளந்து எடுத்ததுபோக மீந்த இலையைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுக்கவேண்டும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் எழுதுவார். முதல் மாதம் அவள் சலித்துக்கொண்டாள். "எலைக்கு ஜாதகம் எழுதுற ஒரே ஆளு நீங்கதான்" என்றாள். பிறகு பேசாமல் கொண்டுவந்து வைத்தாள். ஆக ஒவ்வொரு நாளும் எத்தனை பேர், எத்தனை கிராம், இரண்டும் இருக்கிறது. பேரை இரண்டால் பெருக்கினால் கப். கிராமைக் கப்பால் வகுத்தால் விடை. எட்டாம் வகுப்பில் படித்த வகுத்தல் இதற்குப் போதும். ஜனவரி எட்டாம் தேதியை எடுத்தார். இருபது பேர், நாற்பது கப், ஆயிரத்து நானூற்று எழுபது கிராம். முப்பத்தாறே முக்கால். நல்லது. சரிபார்க்க இன்னொரு நாள், ஜனவரி இருபத்திரண்டு. முப்பது பேர், அறுபது கப், இரண்டாயிரத்து நூற்று எழுபது. முப்பத்தாறும் கொஞ்சமும். அவருக்குப் பிடிக்கவில்லை. போன நவம்பரில் மரம் விழுந்து பாதை அடைத்திருந்த நாள், பன்னிரண்டே பேர். இருபத்து நான்கு கப், தொள்ளாயிரத்துப் பத்து. முப்பத்தெட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பென்சிலை வைத்தார். ஆள் குறையக் குறையக் கப் கனக்கிறது. இது எப்படி. கப்புக்கு எத்தனை பேர் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியுமா. ஆள் குறைந்த நாளில் அவள் கை கனமாக விழுந்ததா, மழைநாள், பாதை அடைத்த நாள், மனசு கனத்தால் கை கனக்குமா. அப்படியானால் அவளுக்கு அன்று என்ன கனம். அன்று என்ன பேசினோம் என்று யோசித்தார். பேசவில்லை. அன்று இரண்டரை மணிக்கு வழக்கம்போல ஜன்னல் திண்டில் தட்டு வைத்தாள், மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து. "மிஞ்சிப் போச்சு. தூரப் போட மனசில்ல" என்றாள். தினமும் சொல்கிற அதே வார்த்தை. அவருக்குப் பச்சை இலை தின்பது முதலில் குமட்டியது, வீணாக்கக் கூடாது என்பதற்காக மென்றார், ஒரு வருஷம் அப்படி, பிறகு எலுமிச்சையும் மிளகும் நாக்கில் படுகிற அந்த இரண்டரை மணிக்காகப் பகல் சாப்பாட்டில் ஒரு கரண்டி சோற்றைக் குறைத்துக்கொள்ள ஆரம்பித்தார். கடலை மட்டும் அவர் தட்டில் கொஞ்சம் கூடவே இருக்கும். கடைசியில் வழித்ததால் இருக்கும் என்று நினைத்துக்கொள்வார். மிச்சம் என்றால் அப்படித்தான், அடியில் கிடப்பதெல்லாம் ஒன்றாக வரும். சரி, கப்புக்கு வருவோம்.

வேறு வழியாகப் போனார். முப்பது பேர் நாளில் இருபது பேர் நாளைக் கழித்தார். பத்துப் பேர், எழுநூறு கிராம். ஆளுக்கு எழுபது, கப்புக்கு முப்பத்தைந்து. சுத்தமான எண். பின்னம் இல்லை. அப்படியானால் இருபது பேருக்கு ஆயிரத்து நானூறுதான் ஆகவேண்டும், ஆனால் எழுதியிருப்பது ஆயிரத்து நானூற்று எழுபது. முப்பது பேருக்கு இரண்டாயிரத்து நூறு, எழுதியிருப்பது அதற்கு மேல் எழுபது. பன்னிரண்டு பேருக்கு எண்ணூற்று நாற்பது. தொள்ளாயிரத்துப் பத்தில் அதைக் கழித்தார். எழுபது. தெய்வநாயகம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். தராசுக் கோளாறு என்று முதலில் தோன்றியது, தராசு ஏதோ ஒரு எழுபதைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறது, ஒன்பது வருஷமும் தப்பாகவே எழுதி வந்திருக்கிறோம். ஆனால் தராசு கோளாறு என்றால் பருப்பிலும் தெரிந்திருக்கும். பிப்ரவரியில் நாலு நாள் எடுத்துப் பார்த்தார். அறுபத்தெட்டு. எழுபத்தொன்று. எழுபது. எழுபத்து மூன்று. கப் கனக்கவில்லை. கப் எல்லா நாளும் முப்பத்தைந்துதான். இலையில்தான் ஒரு தட்டு கூட. இருபது பேருக்கு இருபத்தொரு தட்டு. முப்பது பேருக்கு முப்பத்தொன்று. பன்னிரண்டு பேருக்குப் பதின்மூன்று. மிஞ்சுகிறது என்றால் ஒருநாள் அரைத் தட்டு மிஞ்சும், ஒருநாள் இரண்டு தட்டு, ஒருநாள் ஒன்றும் இராது, மிச்சத்தின் குணம் அது. ஒன்பது வருஷம் சொல்லிவைத்தாற்போல இரண்டு கப் மிஞ்சுமா. இல்லை, இரு, அவசரப்படாதே, யாராவது ஒரு நோயாளி கூடக் கேட்டிருக்கலாம், நர்ஸ் யாராவது. ஞாயிற்றுக்கிழமைகளைப் புரட்டினார். ஞாயிறு அவருக்கு விடுமுறை. போஜன்தான் நிறுத்து, கோணல் எழுத்தில் எழுதி வைப்பான். இருபத்திரண்டு பேர், ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது. பெருக்கினார். சரியாக எழுபதால் இருபத்திரண்டு. முன் ஞாயிறு பதினெட்டு, ஆயிரத்து இருநூற்று அறுபது. கூடுதல் இல்லை. அவருக்குக் கண் ஆபரேஷன் ஆகி எட்டு நாள் மேட்டுப்பாளையத்தில் தங்கை வீட்டில் கிடந்த போன வருஷ ஆகஸ்ட் மாதத்தைத் திறந்தார். விரல் அந்த எட்டு வரியின்மேல் ஒவ்வொன்றாக இறங்கியது. இல்லை. இல்லை. இல்லை. எட்டு நாளும் இல்லை. ஒன்பதாம் நாள், அவர் கறுப்புக் கண்ணாடியோடு வந்து உட்கார்ந்த நாள், பத்தொன்பது பேர், ஆயிரத்து நானூறு. பத்தொன்பது எழுபது ஆயிரத்து முந்நூற்று முப்பது. அவர் தன் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தானே நிறுத்தது. தானே எழுதியது. தன் கண்ணுக்கு முன்னால், தன் தராசில், நாள் தவறாமல்.

அடுக்களையில் மரகதம் வெங்காயம் நறுக்குகிற சத்தம் கேட்டது. கத்தி நிற்கும், மூக்கை உறிஞ்சுவாள், மறுபடி ஆரம்பிக்கும். மணி பத்தே முக்கால். நிவேதாவிடம் முப்பத்தைந்து என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. அவர் எழவில்லை. கை தானாக மார்ச் மாதத்துக்குப் போயிற்று, போகாதே என்று சொல்லச் சொல்லப் போயிற்று. மார்ச் பதின்மூன்றாம் தேதி, இருபத்தைந்து பேர், ஆயிரத்து எண்ணூற்று இருபது. எழுபது கூட. பதினாலு, இருபத்தாறு பேர், அதே ஆயிரத்து எண்ணூற்று இருபது. கூட இல்லை. பதினைந்து, இல்லை. அதற்குப் பிறகு மாதம் முடியும்வரை இல்லை. பதினாலாம் தேதி காலையில்தான் அவர் சொன்னார். நிர்வாகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது, தினமும் சமைத்ததில் என்ன மிஞ்சுகிறது என்று எழுதச் சொல்லி. அவர் பொய் எழுதுகிறவர் இல்லை. முதல்நாள் எழுதினார், இலை ஒரு தட்டு. எழுதிவிட்டு அவளிடம் போய், முகத்தைப் பார்க்காமல், கூடையைப் பார்த்துக்கொண்டு, "தினமும் ஒரு தட்டு மிஞ்சுதே. அளவைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமே" என்றார். அவள் கூடையின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவினாள். அதை அப்போது அவர் கவனித்தார், ஆனால் அவள் மனசுக்குள் கப் எண்ணுகிறாள் என்று நினைத்தார். "சரி. குறைச்சுக்கிடுதேன்" என்றாள். அன்று இரண்டரைக்குத் தட்டு வரவில்லை. எவ்வளவு கச்சிதமான கை, ஒரே நாளில் சரிசெய்துவிட்டாளே என்று மெச்சிக்கொண்டார், மெச்சிக்கொண்டே இரண்டே முக்கால் வரை ஜன்னலைப் பார்த்தார். மறுநாளும் பார்த்தார். ஞாயிறு போக, மாதம் முடியும்வரை பார்த்தார். கேட்கலாம் என்று தோன்றும், என்னவென்று கேட்பது, மிச்சத்தைக் குறை என்று சொன்ன வாயால் மிச்சம் எங்கே என்று கேட்க முடியுமா. அந்த நாட்களுக்கு நடுவில்தான் அவளுடைய அக்காளுக்குக் கை கால் விழுந்துபோன செய்தி வந்தது. போகவேண்டியிருக்கும் என்று அவள் ஜன்னலில் வந்து சொன்னபோது, "எந்தத் தேதி?" என்றுதான் அவருக்குக் கேட்க வந்தது. மாற்று ஆள் ஏற்பாடு பண்ணவேண்டுமே. மார்ச் முப்பத்தொன்றாம் தேதி அவள் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து திண்டில் வைத்தாள், கப் மூன்று, கத்தி இரண்டு, வடிகூடை ஒன்று, ஏப்ரன் இரண்டு. அவர் பட்டியலில் டிக் போட்டார். "எல்லாம் சரியா இருக்கா?" என்றாள். "இருக்கு." "ஒண்ணும் கொறையலியே?" அவர் மறுபடி மேலிருந்து கீழாகப் பார்த்தார், கூட்டிப் பார்த்தார், எட்டு. "இல்ல. ஒண்ணும் குறையல" என்றார். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். கேட் வரைக்கும் ஜன்னலில் தெரியும். பெட்டியைக் கைமாற்றிப் பிடிப்பதற்காக ஒருமுறை நின்றாள். பெட்டி மாற்றத்தான் நின்றாள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தார், அதுவும் இப்போது நிச்சயமில்லாமல் போயிற்று. ஒன்பது வருஷத்தில் இரண்டாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் தட்டு சாப்பிட்டிருக்கிறார், ஒன்றுக்குக்கூட நன்றாயிருந்தது என்று சொன்னதில்லை. மிச்சத்தை யாராவது நன்றாயிருந்தது என்று சொல்வார்களா, சொன்னால் அது சமைத்தவளை மட்டம் தட்டுவது போல என்று ஒரு நியாயம் வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார். ஐம்பத்து மூன்று வயசில் புருஷனும் பிள்ளையும் இல்லாத ஒருத்தி, அறுபத்தொரு வயசில் தங்கைகளைக் கட்டிக்கொடுத்து முடித்துவிட்டுத் தனியாக நிற்கிற ஒருவன், நடுவில் ஒரு ஜன்னல் திண்டு. சத்தம் போட்டுச் சொல்ல முடியாததை அவள் எழுபது எழுபது கிராமாகச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறாள். அவர் அதை நிறுத்து, எழுதி, கடைசியில் வீண் என்று சொல்லிவிட்டார்.

போனை எடுத்தபோது பத்தே ஐம்பத்தேழு. கதவைச் சாத்தலாமா என்று நினைத்தார், சாத்தினால் ஏன் சாத்தினார் என்று மரகதம் கேட்பாள், பாதி சாத்தினார். ஏழாவது எண்ணில் தப்பிப்போய் மறுபடி முதலிலிருந்து அமுக்கினார். ஒன்று. இரண்டு. மூன்றாவது மணியில் வைத்துவிடலாம் என்று தோன்றியது, வைத்தாலும் நம்பர் அங்கே கிடக்கும். நான்கு. ஐந்து.

"யாரு?"

"நான் கோத்தகிரியில இருந்து. ஸ்டோர்."

அந்தப் பக்கம் ஒரு கோழி கேறியது. யாரோ அதை விரட்டினார்கள். "ஸ்டோரு பேசுமா? பூட்டிக் கெடக்கும்னுல்லா நெனச்சேன்."

"ஒரு விவரம் கேக்கணும்."

"அதான பாத்தேன். விவரம் இல்லாம போன் வருமா. கேளுங்க."

"லெட்டூஸ். ஒரு கப்புக்கு எத்தனை கிராம் போட்டீங்கன்னு டாக்டர் கேக்கிறார்."

"கிராமா? நான் என்ன தங்கமா நிறுத்தேன். அள்ளிப் போடுவேன், மேல கைய வச்சுப் பாப்பேன். போதும்னா கைக்குத் தெரியும். அந்தப் பாக்கியநாதன் அமுக்கித் திணிக்கிறானாக்கும்?"

"ஐம்பத்தெட்டு."

"நாசமாப் போச்சு. என் கையி எம்புட்டு?"

"முப்பத்தஞ்சு."

"தெரிஞ்சு போச்சுல்லா. பின்ன என்னட்ட எதுக்குக் கேக்கிய?"

இந்த இடத்தில் நன்றி என்று சொல்லி வைத்துவிடலாம். வைத்துவிட வசதியான இடம். அவர் புத்தகத்தைப் பார்த்தார், பென்சிலால் வட்டம் போட்ட எண்களைப் பார்த்தார். "ஆனா தினமும் எழுபது கூட வருது" என்றார். "ஒன்பது வருஷமும் வருது. ஞாயித்துக்கிழமை மட்டும் வரல. எனக்குக் கண் ஆபரேஷன் ஆன எட்டு நாளும் வரல."

கோழிச் சத்தமும் நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி கேட்டை அழித்துவிட்டிருந்தது. அவர் எண்ண ஆரம்பித்து, பதினொன்று வரை எண்ணியிருந்தார்.

"இப்பதான் அதைப் பாத்தியளாக்கும்" என்றாள்.

"இப்பதான்."

"எழுதுனது நீங்கதான?"

"ஆமா." பிறகு, "மார்ச் பதினாலாம் தேதி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார்.

"தேதியெல்லாம் நல்லா நெனப்பு வச்சிருக்கிய" என்றாள். சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "சரி விடுங்க. அளவு கூடன்னு சொன்னிய. ஸ்டோர்க்காரரு சொல்லாச்சே, கொறைச்சுக்கிட்டேன். அன்னைக்கு ராத்திரி கூடையில மீந்த எலைய நானே தின்னேன், அம்புட்டுதான். ஆடு மாதிரி."

"அக்காவுக்கு எப்படி இருக்கு?"

"வாய் வந்துட்டு. கை வரல. அந்த வாய்க்கு வராமலே இருந்திருக்கலாம்." பின்னாலிருந்து யாரோ ஏதோ திட்டியது கேட்டது. "ஆமா, ஒன்னத்தான் சொல்லுதேன், படு." பிறகு குரலைத் தணித்து, "ரெண்டு பேருக்கு ஆக்கிப் பழக்கமில்ல எனக்கு. எம்புட்டு கொறைச்சாலும் கையி கூடத்தான் போடுது. இங்க லெட்டூஸ் எங்க கெடக்கு, முருங்கக்கீரதான். வச்சா தெனமும் மிஞ்சுது" என்றாள்.

தெய்வநாயகம் பென்சிலை எடுத்தார். எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் எடுத்தார். "எவ்வளவு மிஞ்சும்?"

இந்த முறை அவள் சிரித்தது நன்றாகக் கேட்டது. "வந்து நிறுத்துப் பாருங்க" என்றாள், போனை வைத்தாள்.

பதினொன்றே காலுக்கு நிவேதாவிடம் எண்ணைக் கொடுத்தார். முப்பத்தைந்து, உதறின இலை, கையை ஒருமுறை வைத்து எடுக்கணும், அதுவும் வேண்டாம், இனிமே தராசிலேயே ஆளுக்கு எழுபது போடச் சொல்லுங்க. "போன் போட்டீங்களா ஐயா? என்ன சொன்னாங்க?" என்றாள். "நல்லா இருக்காங்க" என்றார். அது கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்பது அவருக்கே தெரிந்தது. அவள் எண்ணை எழுதிக்கொண்டு போய்விட்டாள். அவர் ஸ்டோருக்குத் திரும்பி, மேல் தட்டிலிருந்து லீவுப் புத்தகத்தை இறக்கினார். எல்லோருக்கும் அதில் எழுதுகிறவர் அவர்தான். தன் பக்கத்தைத் தேட நேரம் ஆயிற்று. வருஷத்துக்குப் பன்னிரண்டு, பதினாறு வருஷம், நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. எடுத்தது அம்மா காரியத்துக்கு ஐந்து, தங்கை மகள் கல்யாணத்துக்கு நான்கு, கண்ணுக்கு எட்டு. ஆக பதினேழு போக நூற்று எழுபத்தைந்து. தேவைப்படும் நாட்கள் என்ற இடத்தில் நான்கு என்று எழுதினார். போக ஒரு நாள், வர ஒரு நாள், நடுவில் இரண்டு. எழுதினதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பதினாறு வருஷத்தில் அந்தப் புத்தகத்தில் அடித்தல் திருத்தல் கிடையாது. நான்கை ஒரு கோட்டால் அடித்து, பக்கத்தில் ஆறு என்று எழுதி, சுருக்கொப்பம் போட்டார். காரணம் என்ற இடத்தை வெறுமனே விட்டார். பிறகு கடைசிக் கட்டத்தில் எழுதினார்: மீதி, நூற்று அறுபத்தொன்பது.